கழுத்து வீக்கமும் இரண்டு குழாய் இரத்தமும்

அய்யலூர் ஆட்டுச் சந்தையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் தரகு செய்தவன் நான். ஓர் ஆட்டைக் கையால் தொடாமலே, உரித்தால் எத்தனை கிலோ கறி நிற்கும் என்று சொல்வேன். அரைக் கிலோவுக்கு மேல் தவறியதில்லை. வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தால் வயது தெரியும். முதுகுத்தண்டை விரலால் அழுத்தினால், அது தீனி கண்ட உடம்பா, சந்தைக்கு வருமுன் தண்ணீர் காட்டி ஊதவைத்த உடம்பா என்பது தெரிந்துவிடும். இந்தக் கண்மதிப்பின் மீது நான் கொண்டிருந்த நம்பிக்கை பெரிது. அந்த நம்பிக்கையே என்னை ஏறத்தாழ இரண்டு மாத காலம் ஏமாற்றியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் அறுபத்தாறாம் வயதில், ஒரு நாள் காலை முகம் மழித்துக்கொண்டிருக்கையில், இடது தாடைக்குக் கீழே எலுமிச்சங்காய் அளவில் ஒரு வீக்கம் கைக்குத் தட்டுப்பட்டது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, உண்பதற்கும் உறங்குவதற்கும் யாதொரு தடையும் இல்லை. தாடையடியில் வீங்கிய ஆடுகளை நான் எண்ணற்ற முறை கண்டிருக்கிறேன். ஈரக்காட்டில் மேய்ந்த ஆட்டுக்கு ஈரலில் புழு விழுந்தால் தாடைக்கடியில் நீர் கோத்துக்கொள்ளும். மருந்து ஊற்றினால் சில நாட்களில் வற்றிவிடும். ஆட்டுக்குரிய அறிவு மனிதனுக்குப் பொருந்தாது என்பதை அறியாதவன் அல்லன் நான். எனினும், மருந்துக் கடையில் பூச்சி மாத்திரை இரண்டு வாங்கி, எவரிடமும் சொல்லாமல் விழுங்கினேன்.

வீக்கம் வற்றவில்லை. தோளில் கிடக்கும் துண்டைக் கழுத்தோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டேன். நான்காம் நாள் என் மனைவி கண்டுபிடித்துவிட்டாள்.

"இதென்னங்க, கழுத்துல கொழுக்கட்டை கணக்கா?"

"ஒண்ணுமில்ல. நெறி கட்டியிருக்கும்."

"ஒண்ணுமில்லாததுக்கா துண்டை இறுக்கிப் போட்டுக்கிட்டுத் திரியிறீங்க? செத்த நேரம் ஆடாம இருங்க." இரண்டு விரல்களால் அழுத்திப் பார்த்துவிட்டு, அவள் தீர்ப்புச் சொன்னாள். "பொன்னுக்கு வீங்கி."

அது சிறுபிள்ளைகளுக்கு வருவது என்றேன்.

"உங்களுக்குச் சின்னதுல வரவே இல்லைன்னு உங்க அம்மா சொல்லியிருக்காங்க. விட்டுப்போனது இப்ப வந்திருக்கு" என்றாள்.

பொன்னுக்கு வீங்கி கண்டவரின் கழுத்தில் பொன் நகை ஒன்றை அணிவிப்பதும், வீக்கம் வடியும் வரையில் அதைக் கழற்றாதிருப்பதும் எங்கள் பக்கத்து வழக்கம். என் பிள்ளைகளுக்கும் அவ்வாறே செய்தோம். அவர்களுக்கு ஒரு வாரத்தில் வடிந்தும் போயிற்று. ஆகவே நான் அதிகம் மறுக்கவில்லை. அவள் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப் போட்டாள். ஒரு வாரம் இரண்டாகி, இரண்டு ஏழாயிற்று. வீக்கம் அப்படியே இருந்தது. பொன் போதவில்லையோ என்று அவள் ஐயுற்று, மருமகளின் சங்கிலியையும் கேட்டு வாங்கலாமா என்று யோசித்தாள்.

இந்த மயக்கத்திலிருந்து என்னை மீட்டவன் என் தோழன். அவனும் தரகன், சந்தையில் முப்பது ஆண்டுகளாக எனக்கு எதிர்க்கையாக நிற்பவன். எங்கள் தொழிலில் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. இருவர் கைகளையும் ஒரு துண்டால் மூடி, உள்ளே விரல்களைப் பற்றியும் மடக்கியும் பேரம் பேசுவோம்; சுற்றி நிற்போருக்கு ஒன்றும் விளங்காது. அன்று ஒரு கிடா சோடிக்குப் பேரம் பேசவேண்டி, கழுத்துத் துண்டை உருவி எங்கள் கைகளின் மேல் போட்டேன். சங்கிலி வெயிலில் மின்னியது.

"என்ன மாப்ள, மைனர் செயினெல்லாம் பலமா இருக்கு! எந்த ஊருல பொண்ணு பாத்திருக்காங்க?" என்றான்.

"போடா. பொன்னுக்கு வீங்கி."

"ஏலே, உன் பேத்திக்கு வரவேண்டியதை நீ புடுங்கிக்கிட்டியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தபடியே துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்து, ஓர் ஆட்டைப் பார்ப்பது போலவே என் கழுத்தை அழுத்தினான், தள்ளிப் பார்த்தான், மீண்டும் அழுத்தினான். அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"மாப்ள, அமுக்குனா அமுங்குது. ஆனா இடத்தை விட்டு நகர மாட்டேங்குது. எம்புட்டு நாளா இருக்கு?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"ஒண்ணு கேக்குறேன், உண்மையச் சொல்லு. இப்படிக் கழுத்தோட ஒரு ஆடு வந்தா நீ வாங்குவியா?"

"வாங்க மாட்டேன்" என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்த பிறகே அதன் பொருள் எனக்கு உறைத்தது. கிடா சோடியை அவனிடமே விட்டுவிட்டு, அன்றே திண்டுக்கல்லுக்குப் பேருந்து ஏறினேன்.

திண்டுக்கல்லில் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஒருவர் என்னைப் பார்த்தார். அவர் கேட்ட முதற்கேள்வி புகையிலை போடுவதுண்டா என்பது. இல்லை என்றேன். "சந்தைத் தரகர்னு சொல்றீங்க. புகையிலை போடாத தரகரா? மறைக்காமச் சொல்லுங்க" என்றார். வெற்றிலையைக்கூட விசேஷ வீடுகளில் மட்டுமே தொடுபவன் நான்; அந்த ஒழுக்கத்தில் எனக்குச் சிறிது கருவமும் உண்டு. அவர் என்னை நம்பவில்லை என்பது வீக்கத்தைக் காட்டிலும் அன்று என்னை வருத்தியது.

கழுத்தில் ஊசி குத்தி எடுத்ததில் நீர்தான் வந்தது. புற்றுக்குரிய அணுக்கள் அதில் காணப்படவில்லை என்று அறிக்கை கூறியது. நான் உளம் மகிழ்ந்து எழுந்தேன். மருத்துவர் கையமர்த்தினார்.

"பெரியவரே, உட்காருங்க. தண்ணிய வச்சு நான் நல்லதுன்னும் சொல்ல முடியாது, கெட்டதுன்னும் சொல்ல முடியாது. மதுரைக்குப் போய்க் காட்டுங்க. இதை வச்சு நிம்மதியாப் படுத்துராதீங்க."

அவர் எச்சரித்ததை வீட்டில் பாதியாகவே சொன்னேன். மகன் மீதியைத் தொலைபேசியில் அவரிடமே கேட்டறிந்து, மறுவாரம் எங்களை மதுரைக்கு அனுப்பிவைத்தான்.

மதுரை மருத்துவமனையில் என்னைப் பார்த்தவர் ஒரு பெண் மருத்துவர். வயதில் என் இளைய மகளை ஒத்தவர். அவர் என் வாயைத் திறக்கச் செய்து, கையுறை அணிந்த விரலை நாக்கின் அடி வரையில் செலுத்தி, உள்நாக்கின் இருபுறமும் அழுத்திப் பார்த்தார். எத்தனை ஆயிரம் வாய்களை நான் பிளந்து பார்த்திருப்பேன்! அவை எவ்வளவு பொறுமையோடு நின்றன என்பதை அந்த நாற்காலியில் அறிந்தேன்.

"புகையிலை நான் போட்டதே இல்லம்மா" என்று, அவர் கேட்குமுன்னரே சொன்னேன்.

"நம்புறேன் ஐயா. புகையிலை இல்லாமலும் தொண்டையில கட்டி வரும். ஒரு வைரஸால வர்ற வகை ஒண்ணு இருக்கு. கட்டி உள்ள சின்னதா ஒளிஞ்சிருக்கும். கழுத்துல மட்டும் இப்படித் தண்ணி கோத்து வீங்கும். உங்களுக்கு அதுவா இருக்குமோன்னு எனக்குச் சந்தேகம்."

என்னை நம்புகிறேன் என்று ஒருவர் சொன்னதில், நோயின் பெயர் பாதியே காதில் விழுந்தது. பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். தொண்டையின் உள்ளே படம் எடுக்கவேண்டும்; மயக்கம் கொடுத்து உள்நாக்கின் பக்கத்திலிருந்து சிறிது சதை எடுத்துச் சோதிக்கவேண்டும்; முடிவு சொல்லவேண்டியது அந்தச் சதைதான். அதனுடன் இரத்தத்திலும் ஒரு சோதனை செய்யலாம், அது இன்னும் எல்லா ஊர்களிலும் வழக்கத்துக்கு வராதது, அவர்கள் ஓர் ஆய்வுக்காகச் செய்கிறார்கள், விருப்பமிருந்தால் கையொப்பமிடலாம்.

"ரத்தத்துல என்னம்மா தெரியும்?" என்று என் மனைவி கேட்டாள்.

"கட்டியில இருக்குற செல்லுங்க செத்து உதிரும்போது, உள்ள இருக்குற வைரஸோட துணுக்கு ரத்தத்துல கலந்துரும்மா. கண்ணுக்குத் தெரியாத துணுக்கு. அது இருக்கான்னு மெஷின் தேடும்."

மறுநாள் காலை இரத்தம் எடுக்கவேண்டும் என்றார்கள். இரத்தச் சோதனை என்றால் வெறும் வயிறு என்பது எங்கள் வீட்டுச் சட்டம். முதல் நாள் மாலையோடு எனக்குச் சோறு நின்றது. விடியற்காலையில் தண்ணீரும் மறுக்கப்பட்டது. தங்கியிருந்த விடுதியின் கீழே இட்லி வெந்த மணம் வந்தபோது, மனைவி என் கையைப் பற்றி வெளியே இழுத்துச் சென்றாள். பத்து மணிக்குச் செவிலிப் பெண் ஊசியோடு வந்தபோது எனக்குக் கண் இருண்டது.

"தாத்தா, ஏன் இப்படி நடுங்குறீங்க? சாப்டீங்களா?"

"நேத்து சாயங்காலத்துல இருந்து ஒண்ணும் குடுக்கல" என்று மனைவி பெருமிதத்தோடு சொன்னாள்.

"ஐயோ பாட்டி, இதுக்கு வெறும் வயிறெல்லாம் வேணாம். பிரியாணி தின்னுட்டுக்கூட வரலாம்! முதல்ல போய் ஏதாவது சாப்பிட வைங்க."

நான் நான்கு இட்லி உண்டு திரும்பினேன். இரண்டு குழாய் இரத்தம் எடுத்து, என் பெயருக்குப் பதிலாக ஓர் எண் ஒட்டி, வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள்.

இனி எழுதவிருப்பதை எழுதலாமா என்று நெடுநாள் தயங்கினேன். அன்று நாங்கள் புறப்படுமுன், அந்த வைரஸ் எவ்வழியே வருகிறது என்று நானே கேட்டேன். மருத்துவர் சுற்றிவளைக்காமல் சொன்னார்: ஆண் பெண் உறவின் வழியே பரவுவது, பெரும்பாலோர்க்கு வந்த சுவடு தெரியாமல் தானே அகன்றுவிடும், சிலர்க்கு உடம்பில் தங்கி, பல்லாண்டுகள் கழித்து இவ்வாறு முளைக்கும்.  பேருந்தில் கொடைரோடு வரையிலும் என் மனைவி சன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தாள். சந்தை சந்தையாக அலைந்து, வெளியூர்களில் தங்கிப் பிழைத்தவன் நான். அவள் மனத்தில் ஓடுவது என்ன என்பதை அறியப் பேரறிவு வேண்டியதில்லை.

"உன்னைத் தவிர எனக்கு யாரும் கிடையாது. உனக்கே தெரியும்" என்றேன்.

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"கேக்காமக் கேக்குற."

 "அப்ப எங்கிட்ட இருந்து வந்துச்சுங்கிறீங்களா?" என்றாள்.

 சதை எடுப்பதற்காக அடுத்த முறை சென்றபோது அவளே மருத்துவரிடம் கேட்டாள். எங்கள் இருவரையும் வெவ்வேறாக நிறுத்தி விசாரிக்கும் தோரணை அவள் குரலில் இருந்தது. மருத்துவர் சிறிதும் சிரிக்கவில்லை.

"அம்மா, எப்ப வந்துச்சு, யாருகிட்ட இருந்து வந்துச்சுன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. இதை வச்சு யாரையும் குத்தம் சொல்லவும் முடியாது. இது ஊர் உலகத்துல பாதிப்பேரைத் தொட்டுட்டுப் போற வைரஸ்."

வெளியே வந்ததும் மனைவி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "எத்தனையோ வருசத்துக்கு முந்தி வந்தவனை இப்ப எங்க போய்த் தேடுறது? வந்தவன் போனாச் சரி" என்றாள். எங்களுக்குள் அந்தப் பேச்சு அத்துடன் முடிந்தது.

இரத்தத்தின் முடிவு சதையின் முடிவுக்கு மூன்று நாள் முன்னதாக வந்தது. வைரஸின் துணுக்கு என் இரத்தத்தில் இருந்தது. பின்னர் சதையும் அதையே சொல்லிற்று: உள்நாக்கின் இடப்பக்கத்தில், மொச்சைக்கொட்டை அளவுகூட இல்லாத ஒரு புற்று. என் தோழனின் விரலுக்கும் என் கண்ணுக்கும் எட்டாத ஓரிடத்தில் அது அமர்ந்திருந்தது. நோய் உண்டு என்ற செய்தியைக் கேட்டு ஒருவன் ஆறுதல் அடைவது விந்தையே. ஆயினும், புற்றுகளிலே இந்த வகை சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படுவது என்று மருத்துவர் சொன்னபோது, பல நாட்களுக்குப் பின் என்னால் மூச்சை முழுதாக இழுக்க முடிந்தது. சங்கிலியைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தேன். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று மருத்துவர் வினவியபோது அவள் என்னை முந்திக்கொண்டு, "வேலை ஜாஸ்தி" என்றாள்.

ஏழு வாரம் கதிர்ச் சிகிச்சையும், வாரம் ஒரு முறை மருந்தும் நடந்தன. அந்நாட்களின் துன்பத்தை விரித்துரைப்பதால் எவர்க்கும் பயனில்லை. தொண்டை வெந்தது, நாவில் சுவை அறவே நீங்கிற்று. தோழன் அய்யலூரிலிருந்து ஆட்டுக்கால் சூப்பு வைத்துத் தூக்கில் கொண்டுவந்தான். இரண்டு மடக்குப் பருகினேன்.

"எப்படி இருக்கு?"

"வெந்நி மாதிரி இருக்கு" என்று கரகரத்தேன்.

"அடப்பாவி! நாலு மணி நேரம் கொதிக்க வச்சிருக்கா உன் தங்கச்சி. இதை அவகிட்டச் சொன்னா நாளைக்கு எனக்கு வெந்நிதான் கிடைக்கும்."

தன் மனைவியை அவன் என் தங்கை என்றே சொல்வான். மீதியை அவனே என் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து குடித்தான்.

சிகிச்சை முடிந்து மூன்று மாதம் சென்றபின் படம் எடுத்தார்கள். தொண்டை சுத்தமாக இருந்தது. ஆனால் கழுத்தில், வீக்கம் இருந்த இடத்தில், ஒரு சிறு நிழல் எஞ்சியிருந்தது.

"செத்துப் போன கட்டியோட தழும்பா, இன்னும் உயிரோட இருக்கிறதான்னு படத்தை வச்சுப் பிரிக்க முடியல ஐயா" என்றார் மருத்துவர். "கழுத்தை வெட்டி எடுத்துப் பாத்துரலாம். ஆனா தோளுக்குப் போற நரம்பு அந்த வழியாத்தான் போகுது. பட்டுருச்சுன்னா கையைத் தூக்கச் சிரமப்படுவீங்க. அதனால மறுபடி ரத்தம் பாப்போம். அதைப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

முன்பு போலவே இரண்டு குழாய். இம்முறை நான் வயிறார உண்டே சென்றேன்.

முடிவு வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு நீண்ட இரண்டு வாரங்களை நான் கண்டதில்லை. ஒரு நாளில் நூறு முறையாவது என் விரல்கள் கழுத்துக்குச் சென்றன. தழும்பு என்று ஒரு முறை தோன்றும். உயிருள்ளது என்று மறுமுறை தோன்றும். இத்தனை ஆண்டுகள் விரலை நம்பிப் பிழைத்தவனுக்கு, தன் கழுத்தின் மீதே தன் விரல் பொய்ச்சாட்சி சொல்வதைப் பொறுக்க இயலவில்லை. பதின்மூன்றாம் நாள் மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். நேரில் வாருங்கள் என்றார்கள், வேறொன்றும் சொல்லவில்லை. நல்ல செய்தியாயின் தொலைபேசியிலேயே சொல்லியிருப்பார்களே என்று நானும் நினைத்தேன், அவளும் நினைத்தாள், இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

மருத்துவர் தாளை மேசைமீது எங்கள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"முதல் தடவை ரத்தத்துல இருந்துச்சு. இப்ப இல்ல. வெட்ட வேண்டாம் ஐயா."

"இல்லைன்னா, இல்லவே இல்லையாம்மா? இல்ல, மெஷின் கண்ணுக்குப் படலையா?" என்று கேட்டேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "சரியாக் கேக்குறீங்க. மெஷினுக்குத் தெரியலைங்கிறதுதான் நிசம். நான் சத்தியம் பண்ணித் தர மாட்டேன். ஆனா அன்னைக்கு அதே மெஷினுக்குத் தெரிஞ்சது, இன்னைக்குத் தெரியல. இது ரொம்ப நல்ல சேதி. மூணு மாசத்துக்கு ஒருக்க வாங்க, ரத்தமும் பாப்போம், படமும் பாப்போம்."

அந்த நேர்மை எனக்குப் போதுமானதாக இருந்தது. ஒரு சத்தியத்தை நான் அவ்வளவு எளிதில் நம்பியிருக்க மாட்டேன். அடுத்த படத்தில் நிழல் பாதியாகச் சுருங்கியிருந்தது என்பதையும், இதை எழுதும் நாள் வரையில் இரத்தத்தில் துணுக்கு மீண்டும் தென்படவில்லை என்பதையும் இவ்விடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு நாங்கள் எவ்வாறு வந்து சேர்ந்தோம் என்பது எனக்கு நினைவில்லை. கால்கள் தாமே நடந்தன. புறப்படும் நிலையில் நின்ற ஒரு வண்டியில் ஏறி, மனைவிக்கும் கைகொடுத்து ஏற்றி, சன்னலோரம் அமர்ந்தேன். நகரத்தைத் தாண்டியபின் நடத்துநர் வந்தார். திண்டுக்கல்லுக்கு இரண்டு என்றேன்.

"பெரியவரே, இது தேனி வண்டி."

அடுத்த நிறுத்தத்தில் எங்களை இறக்கிவிட்டார்கள். புழுதி அடங்குமுன்னரே மனைவி தொடங்கிவிட்டாள்.

"ஏங்க, போர்டைப் படிக்கத் தெரியாதா உங்களுக்கு? வீடு நிறைய புஸ்தகம்! அலமாரி தாங்காம அரிசி டிரம் மேல வேற அடுக்கி வச்சிருக்கீங்க! இம்புட்டுப் பெருசா தேனின்னு எழுதியிருக்கான், அதைப் படிக்க முடியல!"

"நீயும்தானே ஏறுன?"

"நான் உங்களைப் பாத்து ஏறுனேன்! நாப்பது வருசமா அதைத்தானே செஞ்சுக்கிட்டு இருக்கேன்! கிடாவுக்குப் பல்லு எத்தனைன்னு தூரத்துல இருந்தே தெரியுமாம், வண்டி எங்க போகுதுன்னு மட்டும் தெரியாதாம்!"

நிறுத்தத்தில் நின்ற இரண்டு பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நோயின் பெயர் தெரிந்த நாள் முதல் அவள் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது. இத்தனை மாதமும், என்ன செய்தாலும் சரி என்பாள். எதைச் சிந்தினாலும் துடைத்துவிட்டுப் போவாள். உடைந்துவிடக்கூடிய ஒரு பாத்திரத்தைப் போல என்னைக் கையாண்டிருக்கிறாள். இப்போது சாலையோரத்தில், ஊரறிய, குரல் உயர்த்தி என்னை வைதுகொண்டிருந்தாள்.

திரும்பும் வண்டி வர அரை மணி நேரம் ஆயிற்று. அவள் நிறுத்தவில்லை. வண்டி வந்து நின்றதும், நான் பலகையை உரக்கப் படித்துக் காட்டிய பிறகே ஏறினாள்.